சட்டை மாறும் ஆட்டக்காரர்: லூசியன் கோயனும் சென்னையும்

ருமேனியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர் யார் என்று இலக்கிய நண்பர்களைக் கேட்டால் மிர்ச்சா எலியாதெ என்று ஒரே குரலில் சொல்வார்கள். 1928இல் கப்பலேறி வந்து, கல்கத்தாவில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் தத்துவம் பயின்று, ஆசானின் மகளை வைத்து ‘மைத்ரேயி’ என்ற நாவலை 1933இல் வெளியிட்டவர். நாற்பதாண்டுகள் கழித்து அதே மைத்ரேயி தேவி வங்காளியில் ‘ந ஹன்யதே’ எழுதி அவருக்குப் பதில் சொன்னார். இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வாசித்து இரவு முழுதும் வாதிட்டவர்கள் நம்மில் உண்டு. நாம் இங்கே பேச விரும்புவது வேறொரு ருமேனியரை. அவர் எதையும் எழுதவில்லை. மூன்றாண்டுகள் மும்பையிலும் ஒரு பருவம் சென்னையிலும் பின்களத்தில் நின்று பந்தைத் தலையால் முட்டித் திருப்பி அனுப்பினார். பெயர் லூசியன் கோயன்.

இலக்கியப் பக்கத்தில் கால்பந்துக்காரருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நாங்கள் இடையஞ்சாவடியிலிருந்து எழுதுகிறோம். 1968இல் பக்கத்திலேயே ஆரோவில் எழுந்த நாள்முதல், அந்நிய தேசத்தவர் சைக்கிளில் போவதை இவ்வூர்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இங்கு வருகிற வெள்ளைக்காரர் எதையோ தேடி வருகிறார் என்பது ஊரின் தீர்மானம். சிலருக்கு அமைதி, சிலருக்கு நிழல் தரும் மரம். ஆனால் கூலி தேடி ஒரு வெள்ளைக்காரர் தமிழ்நாட்டுக்கு வருவார், பருவம் முடிந்ததும் அடுத்த கூலிக்குப் பெட்டியைக் கட்டுவார் என்பது எங்களுக்கே புதிய செய்தி. அதுதான் கோயனின் சரித்திரத்தின் பக்கம் எங்களை இழுத்தது.

கோயன் 1983 பிப்ரவரி 10 அன்று ருமேனியாவின் வடகிழக்கில், சுசேவா நகரில் பிறந்தவர். அது புக்கோவினா நிலப்பகுதி. வெளிச்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய மடாலயங்களுக்குப் பேர்போனது. அதன் வட பாதியில், இப்போது உக்ரைனுக்குள் இருக்கும் செர்னோவிட்ஸில்தான் பவுல் செலான் 1920இல் பிறந்தார் என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு இடம் பிடிபட்டுவிடும். வீட்டில் மூத்தவர் டோரின் கோயன், 1980இல் பிறந்தவர். அண்ணனும் பின்கள ஆட்டக்காரர்தான். தேசிய அணிக்குப் போனவர் அவர். தம்பிக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அண்ணன் ஆடிய பெரிய கிளப் ஸ்டூவா புக்கரெஸ்ட். தம்பி ஆடிய பெரிய கிளப் தினமோ புக்கரெஸ்ட். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ருமேனியாவின் அரை நூற்றாண்டு அரசியல் கிடக்கிறது. ஸ்டூவா, 1947இல் ராணுவம் தொடங்கிய அணி. தினமோ, 1948இல் உள்துறை அமைச்சகத்தின் நிழலில் பிறந்த அணி. அதாவது காவல்துறையும் ரகசியப் போலீசும் அதன் பின்னால் நின்றன. மூன்றாவதாக ராப்பிட். அது இவ்விரண்டுக்கும் மூத்தது. 1923இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியது. ராணுவம், போலீஸ், ரயில்வே. இந்த வரிசையைப் படிக்கும்போது தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர் ஒருவருக்கு எங்கோ கேட்ட ராகம்போல் தோன்றாதிருக்காது. அதற்குப் பிறகு வருவோம்.

இத்தகைய அணிகளின் பகை எங்கு போய் முடியும் என்பதற்கு 1988 ஜூன் மாதம் நடந்த ருமேனியக் கோப்பை இறுதியாட்டம் நல்ல சாட்சி. ஆட்டம் ஒன்றுக்கொன்று என்றிருந்த வேளையில், கடைசி நிமிடத்தில் ஸ்டூவா அடித்த கோலை ஆஃப்சைடு என்று நடுவர் மறுத்தார். ஸ்டூவா அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் மகன் வாலன்டின் அந்த அணியின் புரவலர். மறுநாள் அந்தக் கோல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது; கோப்பையும் ஸ்டூவாவுக்கே போனது. ஆட்சி கவிழ்ந்த பிறகு ஸ்டூவா அதைத் தினமோவுக்குத் தர முன்வந்தபோது, அவர்கள் வேண்டாம் என்றார்கள். லூசியனுக்கு அந்த இறுதியாட்டத்தின்போது ஐந்து வயது.

இதே ஸ்டூவாதான் அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1986 மே 7 அன்று செவில் நகரில் பார்சிலோனாவை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோல் ஏதுமற்ற 120 நிமிடங்களுக்குப் பிறகு நடந்த பெனால்ட்டியில் கோல்கீப்பர் ஹெல்முத் டக்கடாம் நான்கு உதைகளையும் தடுத்தார். சில வாரங்களிலேயே அவர் கையில் ரத்தக்குழாய் நோய் கண்டு, உச்சத்தில் இருந்தபடியே களத்தை விட்டு விலக நேர்ந்தது. போலீசும் ராணுவமும் நடத்திய ஆட்டம் என்று ஒதுக்கிவிட முடியாத அழகு அதில் இருந்தது. நாம் ஒதுக்கவுமில்லை.

அந்த நாட்களில் கிழக்கு ஐரோப்பாவின் ஆட்டக்காரர் எவரும் சட்டப்படி தொழில்முறை ஆட்டக்காரர் கிடையாது. ஏட்டில் அவர் சிப்பாய், காவலர் அல்லது ரயில்வே ஊழியர். நாள் முழுதும் பந்து உதைப்பார். மாதச் சம்பளம் துறையிலிருந்து வரும். ஒலிம்பிக் அமைப்பு ‘தொழில்முறையாளருக்கு இடமில்லை’ என்று கறாராக இருந்ததால் இந்த ஏற்பாடு அவர்களுக்கு வரமாகவும் அமைந்தது. 1952 முதல் 1980 வரை ஒலிம்பிக் கால்பந்துத் தங்கம் அத்தனையும் சோஷலிச நாடுகளுக்கே போனதன் மர்மம் இதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் என்ன? நீலகிரியில் வெலிங்டன் பாசறையின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் டூரண்டு கோப்பையை வென்றது. அதன் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய ஒலிம்பிக்குகளுக்குப் போனவர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஏட்டில் அவர் ராணுவத்தின் ஆள். தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியில் ஆடியவர்; கடைசியில் கல்கத்தாவில் ரயில்வே அணிக்கு வந்து சேர்ந்தார். ராணுவம், போலீஸ், ரயில்வே. புக்கரெஸ்டின் வரிசை அப்படியே நம்மிடமும் இருந்தது. சர்வாதிகாரம் மட்டும் குறைவு.

இரண்டு உலகங்களும் ஒரே புல்தரையில் சந்தித்ததும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியை எதிர்த்து ஆடி ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். துறைச் சம்பளம் வாங்கியவர்களுக்கும் துறைச் சம்பளம் வாங்கியவர்களுக்கும் நடந்த ஆட்டம் அது. அடுத்துப் பிரான்சோடு சமன். பெருவிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோல்வி. அந்தப் பெரு ஆட்டத்தின் ஒற்றைக் கோல்தான் இன்றளவும் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல். அதை அடித்தவர் நம் சைமன் சுந்தரராஜ் என்று எழுதிய பதிவுகளும் உண்டு. பலராம் என்று எழுதிய பதிவுகளும் உண்டு. ஒரு தேசத்தின் கடைசி ஒலிம்பிக் கோலுக்கே உரிமையாளர் பெயரில் இழுபறி என்றால், நம் விளையாட்டு வரலாற்றை எந்த லட்சணத்தில் காத்திருக்கிறோம் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். தங்கராஜ் 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். பலராம் 2023 பிப்ரவரியில் போனார். தமிழ் இதழ்களில் அவர்களுக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கிறது.

1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. அதுவரை ஆட்டக்காரர்கள் வெளிநாடு போவதை அரசு அடைத்தே வைத்திருந்தது. மடை திறந்த 1990 கோடையிலேயே ஹாஜி ரியல் மாட்ரிட்டுக்கும், பொப்பெஸ்கு ஐந்தோவனுக்கும், லகதூஷ் பிளாரன்சுக்கும் போனார்கள். 1994 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை மூன்றுக்கு இரண்டு என்று வீழ்த்திய ருமேனிய அணியைத் தூர்தர்ஷனில் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் சட்டைகள் இன்னும் கண்ணில் நிற்கும். அடுத்த உலகக் கோப்பையில் அணி முழுவதும் தலைமுடியை மஞ்சளாக்கிக்கொண்டு வந்தது தனிக் கூத்து. 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எவரும் பணம் கட்டாமலேயே கிளப் மாறலாம் என்றது. அதுவரை துறைக்குக் கட்டுப்பட்டிருந்த உடல் இப்போது சந்தைக்கு வந்தது. கோயன் சகோதரர்கள் இந்தச் சந்தையில் வளர்ந்த முதல் தலைமுறை.

அண்ணன் டோரினின் பாதையைப் பார்த்தால் அந்தச் சந்தையின் குணம் விளங்கும். 2006 ஏப்ரலில் யுவேஃபா கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், மிடில்ஸ்பரோ மைதானத்தில், ஸ்டூவாவின் இரண்டாவது கோலை அவர் அடித்தார். இறுதியாட்டம் கைக்கெட்டிவிட்டதாகவே தோன்றியது. ஆனால் மிடில்ஸ்பரோ நான்கு கோல் திருப்பி அடித்துத் தட்டிப் பறித்தது. பிறகு 2008 ஐரோப்பியக் கோப்பை, இத்தாலியின் பலெர்மோ, 2011இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ். அவர் சேர்ந்த சில மாதங்களிலேயே, நூற்று நாற்பதாண்டுப் பெருமையுள்ள அந்தக் கிளப் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. நான்காம் நிலை லீகிலிருந்து மீண்டும் தொடங்க நேர்ந்தது. அவர் விட்டு வந்த ஸ்டூவாவுக்கோ இன்னும் விசித்திரமான கதி. ராணுவம் நீதிமன்றம் ஏறி, தனியார் கைக்குப் போன கிளப்புக்கு அந்தப் பெயரில் உரிமையில்லை என்று வென்றது. 2017இல் அது தன்னை எஃப்.சி.எஸ்.பி. என்ற நான்கு எழுத்தாகச் சுருக்கிக்கொண்டது. 1986இன் கோப்பை யாருடையது என்று அங்கே இன்றும் சண்டை. தம்பியின் தினமோவோ 2022இல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பழைய வீட்டுக்குத் திரும்பிப் போய் ‘இங்கே நான் ஆடினேன்’ என்று காட்ட நினைக்கும் ஆட்டக்காரருக்கு வாசல் பலகையே மாறியிருக்கிறது.

லூசியன் 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது வயது முப்பத்து மூன்று. கால்பந்தில் அது சாயுங்காலம். ருமேனியர்களுக்கு இந்தியப் புல் புதிதுமல்ல. 1991 நேரு கோப்பையைத் திருவனந்தபுரத்தில் ஹங்கேரியை வென்று தூக்கியது ருமேனிய அணி. அடுத்த நேரு கோப்பை 1993இல் சென்னையில் நடந்தது. அதற்காகவே பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் புதிதாக எழும்பியது. அதன் இறுதியாட்டத்திலும் ருமேனியர்கள் இருந்தார்கள். வட கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்றார்கள். பின்னாளில் கோயன் சென்னைக்காக ஆடிய அரங்கம் இதுவேதான். தேசத்தின் கொடியோடு வந்தவர்கள் தோற்ற புல்லில், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இன்னொரு ருமேனியர் கூலி ஒப்பந்தத்தோடு வந்து நின்றார்.

மும்பை சிட்டி அணியில் அவருடைய முதல் பருவம் அது. உருகுவேயின் தியேகோ ஃபோர்லான் நட்சத்திரமாக இருந்த அணி. அட்டவணையில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் மூன்றுக்கு இரண்டு என்ற மொத்தக் கணக்கில் வீழ்ந்தது. 2018-19இல் மீண்டும் அரையிறுதி. இம்முறை கோவாவிடம் தோல்வி. அந்த அணிக்குத் தலைமையும் தாங்கினார் கோயன். பத்திரிகைகள் கோல் அடிப்பவரை எழுதும். கோல் விழாமல் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு, விழுந்த அன்று மட்டுமே செய்தியாகும்.

இந்தியன் சூப்பர் லீக்கின் விதிப்படி 2019-20இல் ஓர் அணி ஏழு வெளிநாட்டவரைச் சேர்க்கலாம். களத்தில் ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் கூடாது. அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பருவத்து ஒப்பந்தம்தான். எங்கள் கரையில் இந்த ஏற்பாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது. மரக்காணம் உப்பளங்களில் மழை விட்டபின் பாத்தி கட்டுகிறார்கள், வெயில் ஏற ஏற உப்பு வாருகிறார்கள், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தி கரைகிறது, கூலியும் நிற்கிறது. உழைப்பாளியின் அருமை பருவத்துக்குள் மட்டுமே. சம்பளத்தின் அளவில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருப்பது நமக்குத் தெரியாததல்ல. பருவத்துக்கு வெளியே இருவருக்கும் வேலை கொடுத்தவர் யாருமில்லை என்ற அளவில்தான் ஒப்பிடுகிறோம். வெலிங்டனின் தங்கராஜுக்குப் பந்து இல்லாத நாளிலும் சீருடை இருந்தது. 2019இல் சென்னைக்கு வந்த கோயனுக்கு மே மாதத்தில் என்ன இருந்திருக்கும்?

சென்னையின் எஃப்.சி. 2014இல் தொடங்கி, 2015இலும் 2017-18இலும் பட்டம் வென்ற அணி. அதற்கடுத்த பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. கோயன் தலைமையேற்றது அந்தச் சிதைவுக்குப் பிறகு. பிரேசிலியர் இருவர், ருமேனியர் இருவர், லித்துவேனியர் ஒருவர், மால்டாக்காரர் ஒருவர், ஆப்கானியர் ஒருவர் என்று ஏழு பேர். தமிழ்நாட்டின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் அதே அணியில் ஆடினார். அதற்கு முந்தைய பருவம் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியிலிருந்து வந்தவர் எட்வின். கோவையைக் களமாகக் கொண்டிருந்த அந்தச் சென்னை சிட்டியை 2020-21க்குப் பிறகு ஐ-லீகில் காணவில்லை.

பருவத்தின் தொடக்கம் படுமோசம். ஆறு ஆட்டங்களுக்குப் பின் பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஓவன் காயில் வந்தார். அடித்தட்டில் கிடந்த அணி ஒவ்வொரு படியாக ஏறி, நான்காவது இடத்தில் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. லித்துவேனியரான வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் பதினைந்து கோல் அடித்தார். கொண்டாட்டம் அவரைச் சுற்றித்தான், நியாயமும் அதுதான். ஆனாலும் அந்த அரையிறுதி, கோயனைப் பற்றிச் சொல்வதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது.

2020 பிப்ரவரி 29. சென்னையில் கோவாவுடன் முதல் ஆட்டம். இடைவேளை வரை கோல் இல்லை. ஐம்பத்து நான்காம் நிமிடத்தில் முதல் கோலை அடித்தார் கோயன். பின்கள ஆட்டக்காரர் முன்னேறி வந்து அடித்த கோல். அதன்பின் அனிருத் தாப்பா, எலி சாபியா, சாங்டே; நான்குக்கு ஒன்று. பெரியமேடு குலுங்கியது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 7 அன்று கோவாவில் இரண்டாம் ஆட்டம். பத்தாம் நிமிடத்தில் முதல் கோல். அதுவும் கோயனின் காலிலிருந்துதான். ஆனால் இது சேம் சைடு கோல். இருபத்தொன்றாம் நிமிடத்தில் கோவாவின் மூர்த்தாதா ஃபால் இன்னொன்று. மூன்று கோல் முன்னிலை ஒரே கோலாகச் சுருங்கியது. கேப்டன் தன் கையாலேயே கட்டிய கரையைத் தன் காலாலேயே உடைத்துவிட்டார் என்று அன்று இரவு பேசிக்கொண்டோர் இருந்திருப்பார்கள். இடைவேளைக்குப் பின் சாங்டேயும் வால்ஸ்கிஸும் ஆளுக்கொன்று அடித்தார்கள். கோவா மேலும் இரண்டு திருப்பியது. ஆட்டம் நான்குக்கு இரண்டு என்று கோவாவுக்கு. மொத்தக் கணக்கு ஆறுக்கு ஐந்து என்று சென்னைக்கு. ஒரு கோல் வித்தியாசம். அந்த ஒன்றை எந்த நாளின் கணக்கில் எழுதுவது என்று நாங்கள் ஒருமுறை விவாதித்தோம், முடிவு வரவில்லை.

இறுதியாட்டம் 2020 மார்ச் 14, கோவாவின் மட்காவ் நகரில், ஃபதோர்டா அரங்கில், ஏ.டி.கே.யை எதிர்த்து. அந்த வாரத்தில்தான் கொரோனா இந்தியாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. முப்பத்தேழு வயதுக் கோயனுக்கு அது வாழ்வின் பெரிய ஆட்டங்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பந்தின் உதை, பயிற்சியாளரின் அதட்டல், காலணி புல்லில் உரசும் சத்தம் என்று தொலைக்காட்சியில் எல்லாமே தெளிவாகக் கேட்டது. கூச்சல் மட்டும் இல்லை. பத்தாம் நிமிடத்தில் ஹாவி ஹெர்னான்டஸ், நாற்பத்தெட்டில் எடு கார்சியா. அறுபத்தொன்பதில் வால்ஸ்கிஸ் ஒன்று திருப்பினார். கூடுதல் நேரத்தில் ஹெர்னான்டஸ் மறுபடியும். மூன்றுக்கு ஒன்று. மும்பை நாட்களில் 2016 அரையிறுதியில் மறித்த அதே ஏ.டி.கே., சென்னையிலும் கோயனின் வழியை அடைத்தது. அடுத்த பருவச் சென்னை அணியில் அவர் இல்லை.

வென்றவர்களின் கதை இன்னும் சிறியது. 2020 ஜூன் 1 அன்று ஏ.டி.கே., மோகன் பகானுடன் இணைந்து தனி அணியாக இல்லாமல் போனது. ஆளற்ற அரங்கில் வாங்கிய கோப்பைக்கு உரிய சட்டையை அணிய அடுத்த பருவத்தில் எவருமில்லை. 2025இல் லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து பருவம் நிறுத்திவைக்கப்பட்டபோது, சென்னையின் எஃப்.சி.யும் தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. அப்போது ஒப்பந்தம் முடக்கப்பட்டவர்களில் தமிழ் தெரிந்தவர்களும் இருந்தார்கள், தெரியாதவர்களும் இருந்தார்கள்.

வெலிங்டனில் பாசறை இருக்கிறது. 1955, 1958 என்ற இரு ஆண்டுகளும் டூரண்டு கோப்பையை வென்றோர் பட்டியலில் அந்த அணியின் பெயரோடு இருக்கின்றன.